பாம்பு மறைந்த இடம், மரம் வளைந்த இடம்

சாமுவேல் ஜான்சனின் ‘யொருபாக்களின் வரலாறு’ நூலை நான் கையில் எடுத்ததற்குக் காரணம் ரொம்ப அற்பமானது. நைஜீரியாவில் ஓயோ என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. திண்டுக்கல் டீக்கடையில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நமக்கு ஓயோ என்றால் சிவப்பு போர்டு, மலிவு ரூம், கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பு.

ஜான்சன் ஒரு பாதிரியார். 1897இல் எழுதி முடித்த கைப்பிரதி பதிப்பகத்துக்குப் போய்த் தொலைந்தது. அவர் 1901இல் இறந்தார். மிச்சமிருந்த குறிப்புகளை வைத்து அவருடைய தம்பி ஒபதையா மறுபடி கட்டியெழுப்ப, புத்தகம் 1921இல்தான் வந்தது. அதில் ஓயோவின் தோற்றக் கதை இப்படிப் போகிறது. இஃபேயிலிருந்து சகோதரர்களோடு படையெடுத்துக் கிளம்பிய ஒரன்யன், வழியில் அவர்களோடு சண்டை போட்டுப் பிரிகிறான். நைஜர் ஆற்றைக் கடக்க முடியவில்லை. ஊர் திரும்ப வெட்கம். பக்கத்து நாட்டு அரசனிடம் போய், தங்க ஓர் இடம் கொடு என்று கேட்கிறான். அந்த அரசன் ஒரு மலைப்பாம்பின் மேல் மந்திரத் தாயத்தைக் கட்டி அனுப்புகிறான்: இதன் பின்னாலேயே போ, ஏழு நாள் இது எங்கே அசையாமல் கிடந்து மறைகிறதோ அங்கே ஊரைக் கட்டிக்கொள்.

எனக்கு இதில் பாம்பைவிட முக்கியம் அந்த வெட்கம். ஒரு பேரரசின் முதல் ஆள், போக்கிடம் இல்லாமல் அடுத்தவன் வாசலில் நிற்கிறான். ஜான்சன் இதை மூடி மறைக்கவில்லை. போர்களைச் சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டு நகர்கிறார். புத்தகத்தின் பலம் அங்கேதான்.

இதன் பக்கத்தில் நம்ம ஊர் ஓயோவின் கதையை வைத்துப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து வந்த ரித்தேஷ் அகர்வால், 2012இல் ஓராவல், 2013இல் தீல் ஃபெலோஷிப், அதே ஆண்டு ஓயோ. பெயரின் விரிவு ‘ஆன் யுவர் ஓன்’. தன்னந்தனி ஆள், சொந்த முயற்சி, வெற்றி. இந்தக் கதையில் யாரும் யாரிடமும் இடம் கேட்பதில்லை. கதையாக இது சப்பென்று இருப்பதற்கு அதுதான் காரணம் என்பேன். ஆனால் அந்த போர்டுக்குக் கீழே நிற்பவர்கள் எல்லாரும் இடம் கேட்டு வந்தவர்கள். 2025 ஜனவரியில் மீரட்டில் தொடங்கி, திருமணமாகாத ஜோடிகள் உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஹோட்டல்கள் மறுக்கலாம் என்று நிறுவனம் விதியை மாற்றியது. ‘ஆன் யுவர் ஓன்’ அதோடு சரி.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு தோற்றக் கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் தொகுதிகளில் இருக்கிறது. கம்பளத்தார் வீட்டுப் பெண்ணை வேறு மதத்து ஆட்சியாளன் கேட்கிறான். கொடுக்க மனமில்லாமல் கூட்டமே வடக்கிலிருந்து ஓடிவருகிறது. ஆற்றில் வெள்ளம், பின்னால் துரத்தல். இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுப் பாலமாகின்றன. அப்படிக் கடந்து வந்தவர்களின் வழியில்தான் விருப்பாட்சி முதலான பாளையங்களின் தலைவர்கள் வந்தார்கள்.

அழகான கதை. சின்ன வயதில் இதைக் கேட்டு ஊர்ப் புங்க மரத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். இப்போது படிக்கையில் உறுத்துகிறது. மரம் யாருக்காக வளைகிறது? கல்யாணம் வேண்டாம் என்று ஓடியவர்களுக்காக. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குக் கதையில் பேச்சே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சிநேகிதன் ஒருவன், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோடு ராத்திரி பதினோரு மணிக்குத் திண்டுக்கல்லில் இறங்கினான். வேறு வேறு சாதி. மறுநாள் காலையில் கல்யாணம். நானும் கூடப் போயிருந்தேன். லாட்ஜில் பெரியவர் ரெண்டு ஆதார் அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கல்யாணப் பத்திரிகை இருக்கா தம்பி?”

“நாளைக்குத்தாண்ணே கல்யாணம்.”

“அப்ப நாளைக்கு வாங்க.”

பேருந்து நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்தான் அதிகம் பேசினாள். எந்த ஊரில் வீடு பார்ப்பது, வாடகை எவ்வளவு ஆகும், அட்வான்ஸ் யாரிடம் கேட்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.