பெயர் சொல்லாமல் கூப்பிடும் பாட்டு

வாய்ப்புக் கிடைக்காமல் சோர்ந்து, சென்னையை விட்டே போய்விடலாம் என்றிருந்த நாளில் பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டிய ஒரு பாட்டுதான் தன்னை நிறுத்தியது என்று பாடலாசிரியர் வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். ‘சுமைதாங்கி’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘மயக்கமா கலக்கமா’. கதாபாத்திரத்துக்காக எழுதிய பாட்டு, எங்கோ ஓர் அறையில் கலங்கி உட்கார்ந்திருந்தவரை எப்படித் தொட்டது?

பல்லவியை உற்றுக் கேளுங்கள். அடுத்தடுத்து நான்கு கேள்விகள். அவற்றில் ‘நீ’ என்ற சொல்லே இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே கேள்வி நிற்கும். வீட்டுக்குள் நுழைகிறவனைப் பார்த்து ‘பசியா?’ என்று கேட்கும் அம்மா ‘உனக்கு’ என்று சேர்ப்பதில்லை. அந்தக் காலி இடத்தில் பாட்டைக் கேட்பவர் தாமாகவே போய் உட்கார்ந்துகொள்கிறார். அதோடு, நான்கு கேள்விகளும் ஆகாரத்தில் முடிகின்றன. மெட்டு நீளும் இடத்தில் நெடில் விழ வேண்டும். குறிலைப் பிடித்து இழுத்தால் சொல் சிதைந்துபோகும். தமிழின் வினாவெழுத்தே இங்கே பாடகருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. மெட்டுக்கு எழுதுவது கவிஞரின் கையைக் கட்டிவிடும் என்பவர்கள் இந்தப் பல்லவியை இன்னொருமுறை கேட்கலாம்.

ஆனால் சரணத்தில் வரும் ஆறுதலை என்னால் ஏற்க முடிவதில்லை. உன்னைவிடக் கீழே இருப்பவர்களை நினைத்துத் தேறிக்கொள் என்கிறது. அந்தக் கடைசிப் படியில் இருப்பவரும் டீக்கடை ரேடியோவில் இதே பாட்டைக் கேட்பார். அவர் யாரை நினைத்துத் தேறுவார்? பல்லவி எல்லோரையும் உள்ளே அழைக்கிறது. சரணம் சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

இதற்கு மாறாக, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ‘அரசிளங்குமரி’ படத்துக்கு எழுதிய பாட்டில் எதிரே ஒரு சிறுவன் இருக்கிறான். மரத்தில் பேய் ஆடுகிறது என்று பயமுறுத்துபவர்களை நம்பாதே என்று அவனிடம் சொல்கிறார். இருட்டில் வேப்பமரத்தைக் கடக்கும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு தெரிந்தவருடைய எழுத்து. அறிவுரைதான், ஆனாலும் கசக்கவில்லை, அந்தப் பயத்தை முதலில் பார்த்துவிட்டுப் பேசுவதால். 1959இல், 29 வயதில் அவர் இறந்தார். படம் 1961இல்தான் வந்தது.

பிறகு வந்த எத்தனையோ ஊக்கப் பாட்டுகள் இந்த அறிவுரை வடிவத்தை எடுத்துக்கொண்டன, எதிரே இருந்த சிறுவனை விட்டுவிட்டன. எழு, நட, மோது, வெல் என்று ஏவல் வினைகளாக அடுக்குகின்றன. தாளத்துக்கு அவை கச்சிதமாக உட்காரும், அரங்கமும் கைதட்டும். வேலை போய் வீடு திரும்புகிறவனுக்கு அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. ஒலிப்பதிவுக்கு முன் ‘இதை யாரிடம் சொல்கிறோம்?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்த ஏவல்களில் பாதி அடிபட்டிருக்கும்.