தம்பானூர்க் காப்பி

திருவனந்தபுரத்தில் நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கும் பிரயாணிகளுக்கு, தம்பானூர் பஸ் நிலையத்தருகே செங்கற்களால் சுழன்றெழும் கோபுரமாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸையே தயக்கமின்றிச் சொல்வேன். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் நிர்மாணித்த அக்கட்டடத்தில், மெல்ல மேலேறும் ஒரே சரிவுப்பாதையின் ஓரமாகக் கட்டிய மேஜைகளும் ஆசனங்களும் வரிசையாக அமைந்திருக்க, செங்கல் இடைவெளிகளின் வழியே காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் பிரவேசிக்கின்றன; என்ன அற்புதமான கற்பனை!

காப்பி வாரியம் தன் காபி ஹவுஸ் கடைகளை மூடியபோது ஜீவனோபாயம் இழந்த சிப்பந்திகள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடையைத் திறந்தார்கள். விசிறித் தலைப்பாகை தரித்த இன்றைய பரிசாரகர்கள் அந்தப் பரம்பரையினரே.

கும்பகோணத்துக் கெட்டிக் காப்பியை இங்கே எதிர்பார்க்கலாகாது. கூட்டம் சேருமுன் மேல் வளைவில் அமர்வது உத்தமம். பீட்ரூட்டால் சிவந்த மசால் தோசையையும் அவசியம் கேளுங்கள்.