களங்காணலும் கதைபுனைதலும்: ஸ்காட்டின் 'கடற்கொள்ளைக்காரன்'

வரலாற்றுப் புதினம் எழுதும் ஆசிரியர், கதை நிகழும் இடங்களுக்கெல்லாம் தாம் நேரிற் சென்று கண்டதாக முன்னுரையில் எழுதுவதும், மதிப்புரையாளர் அதனை எடுத்துப் போற்றுவதும் வழக்கமாகிவிட்டன. ஆசிரியர் களத்தைக் கண்டாராயின் கதையும் உண்மையொடு இயைந்ததாகும் என்னும் எண்ணம் அப்போற்றுதலில் மறைந்து நிற்கிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்று ஆராய்தற்கு ஆங்கில இலக்கியத்தில் தக்கதொரு சான்று உண்டு. சர் வால்டர் ஸ்காட் 1814-ஆம் ஆண்டில், வைக்கிங்குகள் எனப்படும் வடகடலோடிகள் குடியேறிய ஷெட்லந்து, ஆர்க்கனித் தீவுகளைச் சுற்றிப் பார்த்தார்; 1821-ஆம் ஆண்டின் இறுதியில் 'கடற்கொள்ளைக்காரன்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அவர் கண்டது எது, காணாதது எது என்பதை இன்று நாம் ஓரளவு துணிந்து கூற இயலும்.

அவ்வாண்டு சூலைத் திங்களில் 'வேவர்லி' பெயரிலியாக வெளிவந்தது. அத்திங்கள் 29-ஆம் நாளே ஸ்காட் லீத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டார். கலங்கரை விளக்கங்களை மேற்பார்வையிடும் ஆணையர்களின் கப்பல் அது. உடன் சென்ற பொறியாளர் இராபர்ட் ஸ்டீவன்சன், பிற்காலத்துப் புதின ஆசிரியர் ஸ்டீவன்சனின் பாட்டனார். வழியெல்லாம் ஸ்காட் எழுதிய நாட்குறிப்பை அவர் மருகர் லாக்கார்ட் தம் வரலாற்று நூலுள் முழுமையும் பதிப்பித்தார். ஆதலின் குறிப்பையும் புதினத்தையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டுகிறது. டென்மார்க்கு, நார்வே இரண்டையும் ஆண்ட மன்னன் தன் மகளின் சீர்ப்பொருளுக்கு ஈடாக 1468-இல் ஆர்க்கனியையும் 1469-இல் ஷெட்லந்தையும் ஸ்காத்லாந்துக்கு அடைமானம் வைத்தான். அடைமானம் மீட்கப்படவே இல்லை. 'நார்ன்' எனப்பட்ட பழைய வடமக்கள் மொழியும் பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. ஸ்காட் சென்றபோது எஞ்சியிருந்தவை ஊர்ப்பெயர்களும், நிலவுரிமை முறையும், சில நம்பிக்கைகளுமே.

ஷெட்லந்தின் தென்கோடியிலுள்ள சம்பர்க் முனையருகே இடிந்த மாளிகை ஒன்றை ஸ்காட் கண்டார். புதினத்தில் அதற்கு 'யார்ல்ஸ்ஹாஃப்' என்று பெயரிட்டார். 'கோமான் மனை' என்பது பொருள். பண்டைய ஆர்க்கனிக் கோமான் ஒருவன் எடுப்பித்த மனை என்று கதையும் சொல்லி, மெர்ட்டன் என்பாரையும் அவர் மகன் மார்டாண்டையும் அதிற் குடிவைத்தார். உண்மையில் அவர் கண்ட சுவர்கள் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஸ்டுவர்ட் குடிப் பிரபுக்கள் கட்டியவை. வடகடலோடிகளுக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை. ஆயினும் அவ்விடத்துக்கு அப்பெயரே நிலைத்தது. இன்றைய தொல்பொருள் நூல்களும் புதின ஆசிரியர் புனைந்த பெயராலேயே அதனைச் சுட்டுகின்றன. பெயர் புனைந்தவன் கல்வெட்டுச் செதுக்கியவனை வென்றுவிடும் இத்தகைய நிகழ்ச்சி நமக்கும் புதிதன்று.

வியப்பு இதனோடு முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடும்புயல் கரையை அரிக்க, மணலினடியிற் புதைந்திருந்த கற்கட்டடங்கள் வெளிப்பட்டன. கர்ல் 1931 முதல் 1935 வரையிலும், ஹாமில்டன் 1949 முதல் 1952 வரையிலும் அங்கு அகழ்ந்தனர். வெண்கலக் கால வீடுகளும், இரும்புக் கால வட்டக் கோட்டையும், அவற்றின்மேல் ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கிப் பல தலைமுறையாக மாற்றிக் கட்டப்பட்ட வடமக்களின் நீள்மனைகளும் கிடைத்தன. ஸ்காட் விரும்பித் தேடிய வைக்கிங்கு மனை அவர் நடந்துசென்ற இடத்திலேயே மணலுக்குக் கீழ் இருந்தது! ஆனால் அது கோமான் மனை அன்று, வேளாண் குடியிருப்பு. தறியின் பாவுநூலை இழுத்துப் பிடிக்கும் குண்டுகளும், தக்களி வட்டுகளும், தூண்டிற் கயிற்றிற் கட்டும் கற்களும், நம் கற்சட்டியை நினைப்பூட்டும் மாக்கற் கலங்களும் அங்குக் கிடைத்த பொருள்கள். பலகைக் கல்லிற் கீறிய மரக்கலம் ஒன்றின் உருவமும் உண்டு. உழுதும், நூற்றும், மீன் பிடித்தும் வாழ்ந்தோரின் இல்லம் அது.

கற்களைக் கண்டு ஸ்காட் தவறினார் என்பதோடு நிறுத்தினால் அவருக்கு நீதி செய்தவராக மாட்டோம். திணை இலக்கணத்தை ஆங்கிலப் புதினத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது என்பார் உளர். எனினும் கருப்பொருள் என்னும் சொல் இங்கு மிகவும் பயன்படுகிறது. கருப்பொருளை ஸ்காட் கல்லிடத்துப் பெறவில்லை, மக்களிடத்துப் பெற்றார். ஆர்க்கனியின் ஸ்ட்ராம்னெஸ் துறையிற் பெஸ்ஸி மில்லி என்னும் முதியவள் மாலுமிகளுக்கு ஆறு பென்னி விலைக்குக் காற்று விற்று வாழ்ந்தாள். அவளை ஸ்காட் கண்டு பேசினார். 1725-இல் தூக்கிலிடப்பட்ட கௌ என்னும் கொள்ளைக்காரனின் கதையையும் அவள் வாயிலாகக் கேட்டார். கடலில் மூழ்குவோனைக் காப்பவனுக்கு அவனாலேயே தீங்கு விளையும் என்னும் தீவினர் நம்பிக்கை கதைக்கு நல்ல திருப்பம் தருகிறது. கிளீவ்லாந்தை அலையினின்றும் மீட்கும் மார்டாண்டை, தலைச்சுமை வணிகன் தடுக்க முயலும் பகுதி நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. கரையொதுங்கிய திமிங்கில வேட்டையும், புதிய ஏரைப் புகுத்த வந்து நகைப்புக்கு ஆளாகும் எல்லோலியின் பாடும் அத்தகையனவே. விருந்தோம்பும் நிலக்கிழார் மாக்னஸ் டிராயிலின் இல்லம், அகழ்ந்தோர் கண்ட நீள்மனைக்கு எவ்வளவு அணித்தாக இருக்கிறது! மண்வெட்டி நூறாண்டு கழித்துக் கூறவிருந்ததைச் செவி முன்னரே கேட்டுவிட்டது.

இதனொடு ஒப்பிடத்தக்கது ரைடர் ஹாகார்டின் பயணம். அவர் 1888-இல் ஐஸ்லாந்து சென்று, திங்வெல்லிர் மன்றத்தையும் நியால் கதை நிகழ்ந்த இடங்களையும் கண்டு, 1891-இல் 'எரிக் பிரைட்டைஸ்' வெளியிட்டார். அவர் சென்றது ஏட்டைக் கையிற்கொண்டு. ஒவ்வொரு குன்றுக்கும் பழங்கதை முன்னரே பொருள் வகுத்துவைத்திருந்தது. ஆதலின் அவர் நூலில் நிலம் பிழையின்றி அமைந்தது; ஆனால் மாந்தர் ஏட்டிலிருந்து எழுந்து வந்தவராகவே நடமாடுகின்றனர். பெஸ்ஸி மில்லியைப் போன்ற ஒருத்தியின் குரல் அந்நூலில் இல்லை என்பது என் கருத்து.

ஸ்காட்டின் நூலிற் குறையில்லை என்று கூறவில்லை. காற்று விற்ற கிழவி நார்னா என்னும் மந்திரக்காரியாக உயர்ந்தபோது, கண்ட பெண் மறைந்து நாடக மேடைப் பெண் வந்துவிட்டாள். அவள் பேச்சு நீளுந்தோறும் கதை தளர்கிறது. முந்திய புதினமொன்றிற் படைத்த மெக் மெரிலீசின் மறுபடி என்று அக்காலத்தோர் குறைகூற, ஸ்காட் பின்னாளில் விடையிறுக்க நேர்ந்தது. விடை எனக்கு நிறைவு தரவில்லை.

குறையினும் பெரியது மின்னா என்னும் பாத்திரம். டிராயிலின் மூத்த மகளாகிய இவள் பழங்கதைகளிலே திளைத்து, கொள்ளைக்காரன் கிளீவ்லாந்தைத் தன் முன்னோராகிய கடல்வேந்தரின் வழியில் வந்தவனாகக் காண்கிறாள். 'வைக்கிங்கு' என்னும் பழஞ்சொல்லே கடற்கொள்ளையனைக் குறித்தது என்பதை நினைத்தால் அவள் மயக்கத்தில் ஒரு நியாயமும் உண்டு. தன் கூட்டத்தார் எத்தகைய கொடியர் என்று அவனே எடுத்துச் சொல்லக் கேட்டு அவள் திகைக்கிறாள். இறுதியில் அவனைப் பிரிகிறாள். இடிந்த சுவரைக் கோமான் மனையாக்கிய ஆசிரியரே, அவ்வாறு ஆக்கிப் பார்க்கும் உள்ளத்தை மின்னாவிடம் வைத்து எடைபோடுகிறார். தம்மையே அறிந்து செய்தாரா என்பது வேறு. நூல் அதனைச் செய்திருக்கிறது.

மின்னா தன் காதலை ஓடின் தெய்வத்தின்மேல் ஆணையிட்டு உறுதிசெய்ய விழைகிறாள். ஆர்க்கனியில் ஸ்டென்னஸ் நெடுங்கற்களருகே துளையுள்ள கல்லொன்று நின்றது. காதலர் அத்துளையினூடே கைகோத்துச் சூளுரைப்பர். வடமக்கள் வருமுன் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே அங்கு நெடுங்கற்கள் நின்றன. 'ஓடின் கல்' என்னும் பெயர் பின்னர் வந்தது. ஸ்காட் அத்தீவைக் கண்டு திரும்பிய அவ்வாண்டு திசம்பரிலேயே, நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன், பார்க்க வருவோர் தன் வயலை மிதிப்பது பொறாமல் அதனை உடைத்துவிட்டான். புதினம் வெளிவந்தபோது அக்கல் மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.