பதவிப் பெயர்களின் தமிழாக்கம்

1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது, கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்துக்கும் ஓர் ஏஜண்டர் அமர்த்தப்பட்டார். ஏஜண்டர் என்பார் பிறர் கருமத்தை அவர் சார்பில் முடிப்பவர். முகவர் என்பதே அதற்கு நேரிய சொல். சிங்கள மொழியினர் அப்பதவியைத் 'திசாபதி' என்றனர். கண்டி மன்னர் காலத்தில் திசைப்பகுதிகளை ஆண்ட திசாவையின் நிழல் அச்சொல்லிற் படிந்துள்ளது. மக்கள் அறிந்த அதிகாரத்தோடு புதிய பதவியைப் பொருத்திய திறம் பாராட்டத்தக்கது.

நாமோ 'அரசாங்க அதிபர்' என்றோம். பிறர் கருமம் முடிப்பவரைத் தலைவராக்கிய மொழிபெயர்ப்பு இது! நம் கல்லூரித் தலைவரும் அதிபரே. தமிழகத்துச் செய்தித்தாள்களில் அமெரிக்க நாட்டுத் தலைவரும் அதிபரே. ஆயினும் இதனை வெறும் பிழையெனத் தள்ளுதல் இயலாது. மனுவோடு கச்சேரி வாயிலில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கு அவர் முகவராகவா தோன்றியிருப்பார்? அகராதி பிழைத்தது, அனுபவம் பிழைக்கவில்லை.

என் குறை வேறொன்று. 1963இல் ஊர்த் தலைமைக்காரர் முறை நீங்கிக் கிராம சேவகர் வந்தார். தலைமை சேவையாயிற்று, பெயரளவிலேனும் அது பெரிய மாற்றமே. பின்னர்ச் சேவகர் 'அலுவலர்' ஆயினார். சிங்களத்திலும் அவர் 'நிலதாரி'யே. ஊருக்குப் பணிபுரிபவர் என்னும் குறிப்பு இருமொழியிலும் ஓசையின்றி அகன்றது.