அட்டைப்பெட்டிக்குள் பிறந்த சீட்டி

பிஞ்சு மனசுக்குத் தெம்பூட்டும் படப்புத்தகம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று இளம் பெற்றோர் யாராவது கேட்டால், என் கை தானாக நீள்வது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'விசில் ஃபார் வில்லி' பக்கம்தான். 1964இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதையை இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம். வேறொரு பையன் சீட்டியடித்ததும் அவனுடைய நாய் நேராக அவனிடம் ஓடுவதைப் பீட்டர் பார்க்கிறான். தன் செல்ல நாய் வில்லியையும் அப்படி அழைக்க அவனுக்குக் கொள்ளை ஆசை. உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்க்கிறான், சீட்டி வரவில்லை. பிறகு ஒரு நேரம் வந்துவிடுகிறது. இந்தச் சின்னக் கதையின் பக்கங்களை என்னோடு சேர்ந்து இன்னொரு முறை மெல்லப் புரட்டுங்கள்.

சீட்டி வராதபோது பீட்டர் என்ன செய்கிறான் பாருங்கள். அழவில்லை. தட்டாமாலை சுற்றுகிறான்! வேகமாக, இன்னும் வேகமாக. சுற்றி நின்றதும் உலகமே மேலும் கீழுமாகப் புரள்கிறது. போக்குவரத்து விளக்கின் வட்டங்கள் கம்பத்தைவிட்டுக் கழன்று காற்றில் மிதக்கின்றன. தோல்வி இங்கே ஒரே ஒரு வரிதான். அதன்பின் விரிவதெல்லாம் விளையாட்டு. வண்ணச் சாக்கட்டியால் தன் வீட்டு வாசல்வரை நீளமாகக் கோடு இழுக்கிறான். வாசலில் நின்று கன்னம் ஓயுமட்டும் ஊதிப் பார்க்கிறான். பிற்பாடு நடைபாதை விரிசலின் மேல் கால் பிசகாமல் நடக்கிறான். தன் நிழலிடமிருந்து தப்பிக்கத் துள்ளுகிறான். தரையில் கால் பட்டதும் நிழல் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. 'உன்னால் முடியும்' என்று இந்தப் புத்தகத்தில் யாரும் அவனுக்கு ஓதவில்லை. வராத சீட்டியை ஓரமாக வைத்துவிட்டு விளையாடப் போவதும், நினைவு வந்ததும் மறுபடி ஊதிப் பார்ப்பதுமாக அவன் பொழுது போகிறது. குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்ளும் விதத்தை இத்தனை மென்மையாகக் கவனித்த கண்கள் அபூர்வம்.

அடுத்தது என் உள்ளம் எப்போதும் தங்கிவிடும் பக்கம். பெரியவனாகிவிட்டால் சீட்டி வந்துவிடும் என்ற நினைப்பு போலும், அப்பாவின் பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான் பீட்டர். அம்மா பார்த்துவிடுகிறாள். உடனே அவன் அப்பாவாகவே மாறி, இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன், பையன் இருக்கிறானா என்று விசாரிக்கிறான். அம்மா சிரித்துக் கெடுக்கவில்லை, என்னடா கோலம் இது என்று தொப்பியைப் பிடுங்கவும் இல்லை. தன் கணவருக்குப் பதில் சொல்லும் அதே தொனியில், அவன் இங்கே இல்லையே, வில்லியோடு வெளியே இருக்கிறான் என்கிறாள். எத்தனை பெரிய மரியாதை! குழந்தை கட்டிய கற்பனை வீட்டுக்குள் வாசல் தெரிந்து நுழையும் தாய் அவள். தொப்பிக்காரர், அப்படியானால் நான் போய்த் தேடிப் பார்க்கிறேன் என்று கம்பீரமாக வெளியேறுகிறார்.

தெருமுனையில் வெறும் அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கிறது. முன்பு ஒரு தடவை அதற்குள் ஒளிந்து ஊதிப் பார்த்தபோது சத்தம் வராமல், வில்லி பாட்டுக்கு நடந்து போய்விட்டது. இப்போது மறுபடி அதன் அடியில் புகுந்துகொள்கிறான். கீட்ஸ் அந்த முதல் சீட்டியை ஒரு கூட்டத்தின் நடுவிலோ பெற்றோரின் முன்னிலையிலோ பிறக்க வைக்கவில்லை. யார் கண்ணும் படாத அட்டைப்பெட்டிக்குள் பிறக்க வைக்கிறார். தவறினால் யாருக்கும் தெரியாது என்ற அந்தப் பாதுகாப்பு எவ்வளவு இதமானது! சீட்டி ஒலித்ததும் வில்லி நின்று, யார் அது என்று சுற்றுமுற்றும் தேடுகிறது. பெட்டிக்குள்ளிருந்து எழுந்து நின்று, நான்தான் என்று கூவுகிறான் பீட்டர். அந்த நிமிர்வை ஒரு குழந்தையின் அருகில் அமர்ந்து வாசித்துப் பாருங்கள். கேட்கும் குழந்தையின் முதுகும் தானாக நிமிரும்.

ஓவியங்களின் அழகைச் சொல்லித் தீராது. வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி, மேலே தூரிகையும் ஓட்டிய ஒட்டுச்சித்திரங்கள். இதற்கு முந்தைய 'த ஸ்னோயி டே' (1962) வெண்பனியில் குளித்த நூல் என்றால், இது வெயிலில் ஊறிய நூல். குட்டைக் கால்களும் நீண்ட உடலுமாக வில்லி ஓடிவரும் அழகு தனி.

பீட்டர் ஒரு கறுப்பினச் சிறுவன். அக்காலத்து அமெரிக்கப் படப்புத்தகங்களில் அப்படியொரு குழந்தை நாயகனாக வருவது மிக அரிது. புரூக்ளினில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் 1916இல் பிறந்த கீட்ஸ், 'லைஃப்' இதழில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை 1940இல் கத்தரித்து, 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரப்படுத்தியிருந்தார். அந்த முகத்திலிருந்து வந்தவன் பீட்டர். அவன் முதலில் தோன்றிய 'த ஸ்னோயி டே'க்கு 1963இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. கதையின் வரிகளில் அவன் நிறம் பேசப்படுவதே இல்லை. அவன் பாட்டுக்குத் தன் தெருவில், தன் வெயிலில் திரிகிறான். தன்னைப் போன்ற முகத்தை நாயகனாகக் காணும் குழந்தைக்கு அதுவே போதாதா?

கடைசிப் பக்கங்களிலும் ஒரு நயம் உண்டு. பெற்றோர் சீட்டியைக் கேட்டு மகிழ்கிறார்கள்; பரிசோ கைதட்டலோ இல்லை. அம்மா அவனையும் வில்லியையும் மளிகைக் கடைக்கு அனுப்புகிறாள். பெரியவன் ஆகிவிட்டான் என்பதை ஒரு வேலையைக் கொடுத்துச் சொல்லும் பாங்கு இது. போகும்போதும் சீட்டி, வரும்போதும் சீட்டி. இதை வாசித்து முடித்த வீட்டில் பக்கத்திலேயே 'பீட்டர்ஸ் சேர்' (1967) இருக்கட்டும். அதில் பீட்டருக்குத் தங்கை பிறந்திருக்கிறாள். யாருக்கும் தரமாட்டேன் என்று தூக்கிக்கொண்டு ஓடிய தன் குட்டி நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான். முடியவில்லை, அத்தனை வளர்ந்துவிட்டான்.