தகவற் பொறியியலும் மக்கள் மொழியும்

உயர்கல்வி யாருக்காக என்ற வினா பழையது. எனினும் தொலைத்தொடர்பு, தகவற் பொறியியல் ஆகிய துறைகளின் பட்டப்பின் படிப்பை நோக்குமிடத்து அது புதிய கூர்மை பெறுகின்றது. மனிதன் மனிதனோடு பேசும் வழிவகைகளை ஆராய்வதே இத்துறையின் தொழில். அதனைத் துறைபோகக் கற்றவர்கள் தம் சொந்த மக்களோடு அதைப்பற்றிப் பேசாதிருப்பதை என்னவென்பது?

1945ஆம் ஆண்டிலே இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், பூமியின் சுழற்சியோடு ஒத்தியங்கும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று ஆதர் சி. கிளார்க் இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றில் எழுதினார். பின்னர் கொழும்பிலே குடியேறிய அவர் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். அவரிடம் நாம் போற்றவேண்டியது கற்பனை வளத்தை மட்டுமன்று. பாமர வாசகனையும் மதித்து, விஞ்ஞானத்தை அவனுக்கு விளங்கும் உரைநடையில் எழுதிய பண்பையும் போற்றவேண்டும். அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழிலே அப்பணியைச் செய்தோர் எத்தனை பேர்?

கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் மகனை எண்ணிப் பாருங்கள். உயர்தர வகுப்புவரை பௌதிகத்தையும் கணிதத்தையும் அவன் தமிழிலேயே கற்கிறான். கட்டுபெத்தையிலோ பேராதனையிலோ கிளிநொச்சியிலோ பொறியியற் பீடத்துள் நுழைந்ததும் அறிவு ஆங்கிலமாகிவிடுகின்றது. முதுமாணி, கலாநிதிப் பட்டங்களை நாடிப் பலர் கடல் கடக்கின்றனர். ஆங்கிலம் வேண்டாமென்பது நம் வாதமன்று. உலக அறிவின் வாயில்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அவ்வாயிலால் உள்ளே சென்ற அறிவு ஏன் திரும்பி வருவதில்லை? அப்படிப்பின் செலவிலே தேயிலை கொய்யும் பெண்ணின் உழைப்பும், மூட்டை சுமப்பவனின் வியர்வையும் கலந்திருக்கின்றன அல்லவா?

இது வெறும் மொழியுணர்ச்சியன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியொன்றின் கொள்ளளவு 1120 பிற்று. ஆங்கில எழுத்துக்கு 7 பிற்று வீதம் 160 எழுத்துக்கள் அதில் அடங்கும். தமிழுக்கோ வழக்கமாக ஓர் இடத்துக்கு 16 பிற்று. எனவே 70 இடங்களே கிடைக்கும். அதிலும் ‘கொ’ என்னும் ஓரெழுத்து, ககரமாகவும் உயிர்க்குறியாகவும் பிரிந்து இரண்டு இடங்களைக் கொள்ளும். ‘க்’ என்ற மெய்யும் அவ்வாறே. 1991இல் யூனிக்கோட் தமிழுக்கு வகுத்த அமைப்பு, இந்திய மொழிகளுக்கான பொதுக் குறிமுறையை அடியொற்றியது. வெள்ள அபாய அறிவித்தலைத் தமிழில் அனுப்பினால், ஆங்கிலத்தில் ஒன்றாகச் செல்லக்கூடியது இரண்டாக, மூன்றாகப் பிளவுபடும். இலக்கணமும் பொறியியலும் ஒன்றையொன்று அறியாதிருந்தால் அதன் சுமை ஏழையின் தலையிலேயே விழும்.

1948இல் குளோட் ஷனன் தகவலுக்குக் கணித அளவை வகுத்தபோது, செய்தியின் பொருளைப் பொறியியலுக்குப் புறம்பானதென ஒதுக்கினார். அவருடைய ஆய்வுக்கு அது தேவையாயிருந்தது. இரைச்சல் மிகுந்த வழியிலே செய்தி பிழையின்றிச் செல்ல அதனுள் ஓரளவு மிகை வேண்டும் என்பதும் அவர் காட்டிய உண்மை. சுருக்கத்தையும் தெளிவையும் ஒருங்கே நூலுக்கு அழகெனக் கண்ட நன்னூல் மரபினருக்கு இது அந்நியமான சிந்தனையா? துறைமுகத்திலே கூவிக் கூவிச் சொல்லும் தொழிலாளி இதனைத் தன் அனுபவத்தால் அறிவான். ஆனால் ஒரு கணிதக் கொள்கை ஒதுக்கிவைத்த பொருளை, அதைக் கற்றவர் தம் வாழ்விலும் ஒதுக்கிவைப்பதை எவ்வாறு ஏற்பது?

தமிழார்வலர்களிடமும் குறையுண்டு. நாம் ‘மீடிறன்’ என்போம். தமிழகத்தார் ‘அதிர்வெண்’ என்பர். நாம் ‘இலத்திரன்’ என்போம். அவர்கள் ‘எலக்ட்ரான்’ என்பர். எது சிறந்ததென்று வாதிடுவதிலேயே காலம் கழிகின்றது. அரசகரும மொழித் திணைக்களம் அன்று சொற்றொகுதிகளை வெளியிட்டது, அது நற்பணி. ஆயின் சொற்றொகுதி நூலாகிவிடாது. வாக்கியத்திலே உழைக்காத சொல் அகராதியிலே உறங்கும்.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. 2010இல் ‘.இலங்கை’ என்னும் இணையப் பெயர் தமிழெழுத்திலேயே உலக வலையமைப்பில் இடம்பெற்றது. சிங்கள, தமிழ் ஆவணங்களை இயந்திரத்தால் மொழிபெயர்க்கும் ஆய்வு மொறட்டுவையில் நடந்துள்ளது. இரு இனத்து உழைக்கும் மக்களும் ஒருவர் சொல்லை மற்றவர் அறிவதற்குப் பொறியியல் துணைநிற்கும் என்பதை இவை காட்டுகின்றன.

எனவே நாம் கோருவது எளிய ஒன்றே. இந்நாட்டிலே அளிக்கப்படும் ஒவ்வொரு முதுமாணி, கலாநிதிப் பட்டத்துக்கும், ஆய்வின் சாரத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ பத்துப் பக்கத்தில் எழுதுவது கடமையாக்கப்படவேண்டும். அதனை வெளியிடச் சஞ்சிகைகள் இடமளிக்க வேண்டும். வகுப்பறைக்கு எடுத்துச் சென்று மாணவரோடு படித்து, விளங்காத இடத்தை விளங்கவில்லையென்று எழுதியவருக்கே திருப்பிச் சொல்வது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு. மக்களின் செலவிலே கற்ற அறிவு மக்களின் மொழியிலே பேசத் தொடங்கட்டும்.