யான்கோ சித்தப்பாவும் ஒரு பழைய ஃபெரியும்

ஆக்னஸ் வர்தாவின் 'அங்கிள் யான்கோ' (1967) இருபது நிமிஷம்கூட ஓடாத படம். சான் பிரான்சிஸ்கோ போன இடத்தில், அப்பாவின் கசின் ஒருவர் அக்கரையில் சாசலிட்டோவில் படகிலேயே குடியிருக்கிறார் என்று அவருக்குத் தெரியவருகிறது. ஓவியர், எழுபது தாண்டியவர், பெயர் ஜான் வர்தா. கேமராவோடு கிளம்பிவிடுகிறார். அப்பாவின் கசினை அங்கிள் என்பது அவர் உரிமையோடு வைத்துக்கொண்ட முறை. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. குடும்பப் பெயர் ஒண்ணு, ஆக பங்காளி. சித்தப்பாவோ பெரியப்பாவோ, அவ்வளவுதான்.

இருவரும் முதல்முறை பார்த்துக்கொள்ளும் காட்சிதான் படத்தின் உயிர். கிளாப் அடித்து அதே சந்திப்பைத் திரும்பத் திரும்ப எடுத்து, அத்தனையையும் வெட்டாமல் வைத்திருக்கிறார். நடிப்பு என்று தெரிந்துதான் பார்க்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு தடவை கட்டிப்பிடிக்கும்போதும் அந்தச் சந்தோஷம் கூடுதே தவிர குறையல. ஆவணப்படம் பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இந்த ரெண்டு நிமிஷத்தைப் பார்க்கணும்.

எனக்குக் குறையாகப் படுவது படகு. 'வலேஹோ' 1879ல் ஃபெரியாகக் கட்டியது. முதலில் ஒரேகானில் ஆற்றைக் கடந்தது. பிறகு கலிபோர்னியாவில் மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்துக்குத் தொழிலாளிகளை ஏற்றி இறக்கியது. ஓய்வு கொடுத்தபின் 1949 வாக்கில் வர்தாவும் நண்பர்களும் வாங்கி வீடாக்கினார்கள். பின்னாளில் ஆலன் வாட்ஸும் அதில் குடியிருந்தார். இத்தனை பேர் மிதித்த பலகை, படத்தில் வண்ணம் பூசிய சுவராக மட்டும் நிற்கிறது. மரப்படகு உப்புத்தண்ணியில் சும்மா மிதக்காது; ஒழுக்கு அடைக்கணும், தண்ணி இறைக்கணும். பழைய சாஃப்ட்வேரைப் பராமரித்தே வயிறு வளர்க்கிற எனக்கு அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்றுதான் கேட்கத் தோணுது.

இதே கண் நம்ம பக்கமும் உண்டு. கெட்டுவள்ளம் இன்று ஆலப்புழையில் ஏசி போட்ட படுக்கையறை. 'கெட்டு' குமரிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை: ஆணி அடிக்காமல், நாம அயனி என்கிற ஆஞ்சிலிப் பலகையைக் கயிற்றால் கெட்டியது. குட்டநாட்டு நெல்லோடு கொச்சிக்கு நாள்கணக்கில் கழுக்கோல் ஊன்றிப் போனவர்கள் அதிலேயே சோறு பொங்கி, அதிலேயே படுத்தார்கள். லாரி வந்து சரக்கு போனது. 1990களில் டூரிஸ்ட் வந்தான். 'வள்ளத்தில் வாழும் அனுபவம்' என்று விற்கிறவர்கள், அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வர்தாவை அந்த விளம்பரக்காரர்களோடு சேர்க்க மாட்டேன். அவர் தேடிப்போனது சொந்தக்காரரை, வீட்டை அல்ல. ஆனால் பின்னாளில் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' (2000) எடுத்து, மிச்சம் பொறுக்குகிறவர்களை அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர் அவர். அந்தக் கண்ணோடு 'வலேஹோ'வின் அடித்தட்டுக்கு ஒருமுறை இறங்கியிருக்கலாம்.